இலைக்குள் இருந்த குட்டி

பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் ஊதினேன், காது கிழிய ஊதினேன். வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்புச்சி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அது கலியாண வீட்டுச் சத்தம், மனே. அதுக்கு ஆக்கள்தான் வருவாங்க."

"அப்ப மான் எதுக்கு வரும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. 1974ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு எழுந்து வேலிக்கு அப்பால் போனார். திரும்பி வந்தபோது கையில் நாலைந்து வீரை மரக் கொழுந்துகள். ஒன்றை எடுத்துச் சாரத்தில் துடைத்து, இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிடத்தினார். ஊதினார் என்று சொல்ல முடியாது. மூச்சு விட்டார், அவ்வளவுதான். மெல்லிசாக, ஈரமாக, பசியோடு ஒரு குரல் வந்தது. குசினிக்குப் பின்னால் படுத்திருந்த ஆடு எழுந்து நின்றது. குசினிக்குள்ளிருந்து பெத்தாவின் குரல் வந்தது: "ஊருக்குள்ள அத ஊதாதங்க எண்டு எத்தின தரம் சொல்றது!"

பனிச்சங்கேணி என்ற எங்கள் ஊர்ப் பெயருக்குள் ஒரு மரமும் ஒரு கேணியும் இருக்கின்றன. கேணியை நான் கண்டதில்லை. மரத்தைத் தெரியும். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் வலையைத் தோய்த்தால் நூல் கறுத்து உரம் பெறும். உப்புத் தண்ணீருக்குச் சீக்கிரம் இற்றுப்போகாது. நைலோன் வலை வந்து வருடக்கணக்கான பிறகும் அப்புச்சி ஒரு பருத்தி வலையை விடாமல் வைத்திருந்தார். அதற்குக் காய் இடிக்கும் நாளில் வீடே துவர்ப்பாக மணக்கும். கிழக்கே கடல். மேற்கே களப்பு. களப்புக்கு அங்காலே கண்ணாமரங்கள், அதற்கும் அப்பால் குஞ்சன்குளம், மதுரங்கேணி, கட்டுமுறிவு என்று போகிற காடு. கடலில் மீன் படாத காலத்தில் களப்பு, களப்பும் கலங்கினால் காடு. எங்கள் வீட்டுச் சோறு இந்த மூன்றையும் நம்பித்தான் வெந்தது.

அப்புச்சி வேட வழி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்வதில்லை. சொன்னால் மற்றப் பிள்ளைகள் வில்லும் அம்பும் எங்கே என்று கேட்பார்கள். வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெரிய புத்தகத்தில், தமிழ் பேசி, தமிழரோடு சம்பந்தம் செய்து, மீன்பிடித்து வாழ்ந்த கிழக்குக் கரையோர வேடருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பக்கங்களை வாசித்தபோது, இழந்துபோனவற்றின் கணக்கு எடுக்க வந்தவர்கள் போலத்தான் எனக்குப் பட்டது. கையில் வில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வாய்க்குள் இலை இருப்பது தெரியாது. மட்டக்களப்புக்கு வருகிற வெளியூர்க்காரர் எல்லோரும் பாடும் மீனைத்தான் விசாரிப்பார்கள். எமர்சன் டெனன்ட் 1848இல் தோணியேறிப் போய் அந்த ஓசையைக் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறார். பாடும் இலையை ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இலை பழகுவது நான் நினைத்ததுபோல் ஒரு பின்னேர வேலையாக இருக்கவில்லை. முற்றிய இலை விறைப்பு. குரல் கிழவிபோல வரும். அதிகம் இளசானால் மூச்சுப் பட்டதும் துவண்டு உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலைக் கொழுந்து ஆகவே ஆகாது, பால் வடிந்து வாயைப் பசை போட்டதுபோல் ஆக்கிவிடும். நடு நரம்பு தடிக்காத இலையாகப் பார்த்து, அதன் விளிம்பு மட்டும் உதடுகளுக்கு இடையில் துடிக்கும்படி பிடிக்க வேண்டும். கீழுதடு கொஞ்சம் முன்னால் வரவேண்டும். பல் படக்கூடாது. எனக்கு முன்பல் ஒன்று விழுந்து முளைத்துக்கொண்டிருந்த நேரம். காற்றெல்லாம் அந்தச் சந்தால் போய், இலை துப்பலில் நனைந்து கிடக்கும். ஒரு மாதத்துக்குக் கிட்ட எனக்கு வந்ததெல்லாம் வயிற்றுப்போக்குச் சத்தம்தான். மாமா அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

அப்புச்சி சிரிக்கவில்லை. ஆனால் சத்தம் சரியாக வந்த அன்றைக்கும் அவர் பாராட்டவில்லை. "குரல் சரி. ஆனா நீ கூப்பிடுறாய். குட்டி கூப்பிடாது, மனே. அது அழும். அழுதிட்டு, தாய் வாறாளா எண்டு கேக்கும். நீ கேக்கவேயில்ல" என்றார். இரண்டு தரம், பிறகு நீண்ட அமைதி. ஒரு தரம், மறுகா அமைதி. அந்த அமைதியைத்தான் அவர் எனக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. இலை அதற்கு ஒரு சாட்டு.

அமைதியாக இருந்தால்தானே காடு என்ன கதைக்கிறது என்று கேட்கும். புள்ளிமான் வெருண்டால் கூர்மையாக ஒரு சீழ்க்கை. ஊசியால் குத்தினதுபோல இருக்கும். மரை வெருண்டால் வெறும் பானையைத் தட்டினதுபோல ஒரே ஒரு முழக்கம், காடு முழுக்கப் போகும். கலைமான் பிணையைத் தேடும் காலத்தில் கரகரத்த தொண்டையால் கத்தும். அந்தக் கத்தலை அப்புச்சி உள்ளங்கைகளைக் குவித்து வாயில் வைத்துச் செய்வார். கேட்டால் அடிவயிறு கலங்கும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. ஒன்பது வயதுத் தொண்டைக்கு வராது என்றார். பிறகு வயது வந்தது, அவர் இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காட்டோரத்துச் சேனையில் சோளமும் கச்சானும் போட்டிருந்தோம். அங்கே பரணில் இருந்து இரவிரவாகத் தகரத்தைத் தட்டி, "ஓய்... ஓய்" என்று கத்தி மானைத் துரத்துவது எங்கள் வேலை. களைத்துப்போய் விடியச்சாமத்தில் பரணால் இறங்கி, அரை மைல் நடந்து, அதே மானை இலை வைத்து அழைப்பது அப்புச்சியின் வேலை. "ராவெல்லாம் போ போ எண்டிட்டு இப்ப வா எண்டா, அதுக்குப் பைத்தியமா?" என்று மாமா கேட்பார். அதற்கு அப்புச்சியிடம் பதில் இருந்ததில்லை.

வைகாசி, ஆனிக்குப் பாலை பழுக்கும். மஞ்சள் மணிபோலப் பழம், தின்னத் தின்ன உதடு ஒட்டும். மரத்தின் மேலே மந்திகள், கீழே மான்கள். மந்தி ஒன்றைத் தின்றால் நாலைக் கொட்டும், கிளையோடு முறித்தும் போடும். அது கொட்டுவதைப் பொறுக்க மான் வரும். மந்திக்கு மேலிருந்து தூரம் தெரியும், மானுக்குக் கீழிருந்து மணம் தெரியும். யார் முதலில் புலியைக் கண்டாலும் மற்றவருக்கும் சேதி போய்விடும். (எங்கள் காட்டில் புலி என்றால் சிறுத்தைதான். வரிப்புலி இலங்கையில் இல்லை.) இந்த உறவைப் பற்றி இப்போது விலங்கியல்காரர்கள் விரிவாக எழுதுகிறார்கள். அப்புச்சி அதை வயிற்றுப்பாட்டுக்குப் பயன்படுத்தினார். மந்தி இல்லாத பாலையில் ஏறி, கொப்பை உலுப்பிப் பழம் கொட்டி, மந்தி தன் கூட்டத்தோடு கதைக்கிற "ஊம்... ஊம்" சத்தத்தை நெஞ்சுக்குள்ளிருந்து எடுப்பார். கொஞ்ச நேரத்தில் சருகு நொறுங்கும்.

ஒரு தரம் அந்தக் கொப்பில் நான் ஏறினேன். மாமா கீழே இடியன் துவக்கோடு பற்றைக்குள். பழம் கொட்டினேன், "ஊம்" போட்டேன். ஏழெட்டு மான் வந்தது. முன்னால் வந்த கலைக்கு அன்றைக்குத்தான் பட்டுரித்ததுபோலக் கொம்பு, பக்கத்துக்கு மூன்று கவர். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று இன்னொரு குரல் கொடுத்தேன். ஆசையில் மூச்சு முட்டி, "ஊம்" என்பது "கக்" என்று வெளியே வந்தது. அது மந்தி புலியைக் கண்டால் போடுகிற இருமல். கலை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் மான் நின்றது என்பதற்கு ஆடிக்கொண்டிருந்த புல் மட்டும்தான் சாட்சி. மாமா பற்றைக்குள் இருந்து எழும்பி, துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்கும் சொல்லிட்டாயா, இல்ல மானுக்கு மட்டும்தானா?" என்றார். வீடு வரும்வரை வேறு கதையில்லை.

காற்று முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அல்ல. அப்புச்சியின் மடியில் ஒரு சாம்பல் முடிச்சு இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து விடுவார், அது போகிற பக்கம் பார்ப்பார். சுருட்டை விடமுடியாத மனிதர், காட்டுக்குப் போகிற நாளில் முதல்நாள் பின்னேரத்திலிருந்தே தொடமாட்டார். கரடிக்குக் காட்டுக்குள் பெயர் சொல்லக்கூடாது. பாலைப்பழக் காலத்தில் அதுவும் அதே மரத்துக்குத்தான் வரும். "கறுத்த ஆள்" என்போம்.

பழந்தமிழ் வேடனிடம் இலை இருந்ததா தெரியாது, பார்வை விலங்கு இருந்தது. பழக்கின பெண்மானைக் கட்டிவைத்து, அதைப் பார்த்து வருகிற காட்டுமானைப் பிடிப்பது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் காட்டுகிற வீட்டில் வேடன் தூங்குகிறான். வெளியே கட்டியிருக்கும் பார்வை மானோடு ஒரு கலைமான் வந்து கூடி நிற்கிறது. சத்தம் கேட்டால் கணவன் விழிப்பான், மான் விலகும் என்று பயந்து, மனைவி அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழிகள் வந்து தின்கின்றன, அவற்றையும் விரட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாட்டைப் படிப்பித்தவர் அந்த வீட்டு விருந்தோம்பலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எனக்கு அந்தப் பெண் பெத்தாவாகவே தெரிந்தாள். பெத்தாவும் அப்படித்தான். தாயைக் கள்ளக்குரலில் அழைப்பது பாவம் என்பாள். அழைத்துக் கொண்டுவந்த இறைச்சியை வத்தலாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் புகை பட அடுக்குவதும் அவள்தான். பாவம் எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. இறைச்சியைத் தேனில் போட்டு மரப்பொந்தில் அடைத்துவைக்கிற வேடரைப் பற்றி 1681இலேயே ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் தேன் அந்த அளவுக்கு மிஞ்சினதில்லை.

பங்கு வைப்பதில் கணக்கு கறார். துவக்குக்கு ஒரு பங்கு, சுட்டவருக்கு ஒரு பங்கு, தூக்கி வந்தவர்களுக்கு ஒரு பங்கு, கூப்பிட்டவருக்கு ஈரல். இது எல்லாம் அப்போதும் சட்டப்படி குற்றம்தான். விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937இல் வந்தது. அது வந்தபோது அப்புச்சிக்கு இருபது வயது தாண்டியிருக்கும், இலை அதற்கு முன்பே வாய்க்கு வந்துவிட்டது. அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. வயிற்றுக்கு மட்டும்தான் வேட்டையாடினோம் என்றும் சொல்லமாட்டேன். வீதியில் நிற்கிற லொறிக்கு, சாக்கில் சுற்றி, ஈரல் தவிர மிச்சத்தைக் கொடுத்த நாட்களும் இருந்தன. என் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று அப்படி வந்தது.

ஒரே ஒரு தரம் நான் தனியாகக் குட்டிக்குரல் கொடுத்தேன். 1977, ஆவணி. வெயில் காட்டைக் காய்ச்சி எடுத்திருந்தது. விடியமுன் தோணியில் களப்பைக் கடந்தோம், அப்புச்சியும் மாமாவும் நானும். மடுவில் தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. ஓரத்துச் சேற்றில் மான் குளம்பு நேற்றையதும் இன்றையதுமாகக் குழம்பிக் கிடந்தது. மாமா ஒரு பக்கம் போனார். அப்புச்சி ஒரு கறையான் புற்றுக்குப் பின்னால் என்னை இருத்தி, சாம்பல் விட்டுப் பார்த்து, தலையாட்டினார்.

அழுதேன். இரண்டு தரம். பிறகு கேட்டேன்.

மூன்றாவது தரத்துக்குப் பிறகு அவள் வந்தாள். இப்படி "அவள்" என்று எழுத எனக்குக் கூச்சம்தான், ஆனால் அன்றைக்கு வந்தது ஒரு தாய். வேறு மாதிரிச் சொல்ல வரவில்லை. ஓடி வரவில்லை. பற்றை விலகாமல், இல்லாத இடத்தில் இருந்து தோன்றினதுபோல நின்றாள். முன்னங்காலை ஒரு தரம் தூக்கி நிலத்தில் குத்தினாள். மூக்கு ஈரமாக மினுங்கியது. காது இரண்டும் தனித்தனியே திரும்பி, ஒன்று என் பக்கம் நின்றது. இன்னும் நாலு எட்டு வந்தாள். இடது தோளில் ஒரு உண்ணி, நாவற்பழ நிறத்தில் வீங்கி இருந்தது, அதைக்கூடக் கண்டேன். என் முகத்தில் அவள் தேடியது என்னவோ அது அங்கே இல்லை. மாமாவின் துவக்கு எந்த நேரமும் வெடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால், எங்களுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்தாள். வால் வெள்ளையாக நிமிர்ந்தது. அந்தச் சீழ்க்கை என் காதுக்குள்ளேயே வெடித்ததுபோல இருந்தது. பிறகு அவள் இல்லை. அப்புச்சியின் கை என் பிடரியில் இறுகியது. ஒரு சில்வண்டும் இல்லை, ஒரு குருவியும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. வெகு தூரத்தில் ஒரு மந்தி இருமியது.

திரும்பும்போது பார்த்தோம். மடுவுக்கு நாங்கள் நடந்து வந்த புழுதித் தடத்தில், என் வெறுங்கால் பதிந்த இடத்தின் மேலேயே, நகம் பதியாத வட்டமான கால். என் பெருவிரல் அடையாளத்தைப் பாதி அழித்திருந்தது. நான் அழுத சத்தத்துக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அப்புச்சி குனிந்து தன் நாலு விரலை அதில் வைத்து அளந்து பார்த்தார். பிறகு செய்தது எனக்கு அதுவரை தெரியாத ஒன்று. களப்பு வரும்வரை உரத்த குரலில் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தார், கூத்துக்காரர்போல. காட்டுக்குள் இருமலைக்கூட விழுங்குகிற மனிதர்.

தோணியில் ஏறிய பிறகுதான் மாமாவிடம் கேட்டேன், ஏன் சுடவில்லை என்று. துவக்குக் கேப்பு நனைந்துவிட்டது என்றார். தோணிக்குள் அவர் கேப்பு டப்பி என் காலடியில்தான் கிடந்தது. திறந்து பார்த்தேன், எல்லாம் காய்ந்துதான் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தேன்.

அடுத்த வருடம் நொவெம்பர் 23ஆம் தேதி இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்பில் அதைக் கண்டவர்களுக்கு "எழுபத்தெட்டு" என்றால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். எங்கள் வீடு தட்டையாகக் கிடந்தது. இடியன் கூரைக்கடியில் வளைந்துபோயிற்று. பத்து நாள் கழித்துக் களப்பைக் கடந்து போனோம். நான் ஏறிய அந்தப் பாலை வேரோடு சாய்ந்து, வேரில் ஒட்டிய மண் ஒரு வீட்டு உயரத்துக்கு நின்றது. மேலே கொழுந்து விட்டிருந்த வீரை எல்லாம் இலையுதிர்ந்து மொட்டை. இலை இல்லாத காட்டை அப்புச்சி அதுவரை கண்டதில்லை. ஒரு தடியால் சருகைக் கிளறிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் காட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. மாசியில் செத்துப்போனார்.

1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு நாங்கள் எல்லோரும் அதே காட்டுக்குள் இறங்கினோம், வேட்டைக்கு அல்ல. அக்காவின் கைக்குழந்தைக்கு நாலு மாதம். இரண்டாவது இரவு அது அழத் தொடங்கியது. இருபது முப்பது பேர், ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்கா அதன் முகத்தை நெஞ்சில் அழுத்திப் பிடித்தாள். சத்தம் சின்னதாகி, இலைச் சத்தம்போல மெலிந்து, நின்றது. குழந்தையின் அழுகைக்கு யார் யார் வருவார்கள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்பே படிப்பித்து வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது, கட்டாரில் வேலை. 2004 டிசம்பர்ச் சுனாமியையும் 2006 யுத்தத்தையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

போன வருடம் பேரனோடு திருகோணமலைக்குப் போயிருந்தேன். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள், புள்ளிமான்கள் கடலைச் சுண்டல் கடைக்குப் பக்கத்தில் மாடுபோல நிற்கின்றன. கடற்கரையில், பஸ் நிலையத்தில், வீதி நடுவில், எங்கும் நிற்கும். பேரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "தாத்தா கூப்பிட்டா இதெல்லாம் வரும்" என்றேன். மதிலோரத்துச் செடியில் ஒரு கொழுந்து கிள்ளி, துடைத்து, உதட்டில் வைத்தேன். இப்போது எனக்குக் கீழ்ப்பல் இரண்டு இல்லை. ஆனாலும் வந்தது. பழைய குரல் அல்ல, கொஞ்சம் காற்றுக் கலந்திருந்தது, ஆனாலும் குட்டிதான். இரண்டு தரம் அழுதுவிட்டுக் கேட்டேன்.

ஒரு காதும் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு பெண் வாழைப்பழம் எடுக்கச் சொப்பிங் பையைச் சரசரவென்று பிரித்தாள். அங்கே நின்ற அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. பேரன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளைச் சுற்றி இடம் கிடைக்காத ஒரு பிணை என்னிடம் வந்தது. வெருளவில்லை, காலைக் குத்தவில்லை. ஈர மூக்கால் என் விரல்களை விலக்கி, கையில் இருந்த இலையை இழுத்துத் தின்றது.